முதல் வரிசை, பதினாலாம் நம்பர்

பேஸ்கட்பால் பிளே ஆஃப் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டிய மனிதர், பாதி வழியில் நின்று என்றைக்கோ ஓர் ஆட்டக்காரனுக்குப் போட்ட சஸ்பென்ஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் முழங்கையால மூக்கை உடைக்கிறான், அவனுக்கு வெறும் அபராதம். பெஞ்சிலிருந்து எழுந்து ரெண்டு அடி வச்சான், இவனுக்கு அடுத்த மேட்ச் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?"

நோயாளி எதைச் சொல்வார், பாவம். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, "சார், மூச்சை விட்டுக்கட்டுமா?" என்று சைகையில் கேட்பார்.

இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே வார்த்தை. ஆகவே ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே 'அசையாதீங்க' என்று ஆகிவிட்டது. நர்ஸுகள் "அசையாதீங்க அண்ணே" என்பார்கள். பெரிய டாக்டர்கூடக் கோபத்தில் இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெயர் தனக்கு எவ்வளவு பொருந்தாது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒரே ஒரு நாள், ஒரே ஒருவனிடம், அவர் அசையச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? கையையும் வைத்தார்.

அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். அப்போது ஊர் அணியில் ஒரு பையன் ஆடினான். நல்ல உயரம், கம்பு போலக் கால்கள், குனிந்து நடக்கிற நடை. ஊரே அவனை 'நாரை' என்றுதான் அழைத்தது. முதுகில் பதினொன்று என்ற எண். இருபத்து நாலு வயதில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு வளையத்துக்குப் போகிற அழகைப் பார்க்கவே மைதானத்துக்குப் போகலாம் என்பார் எக்ஸ்ரேக்காரர். சும்மா சொல்லவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து, சீசன் டிக்கெட் காரியாலயத்தில் இருந்த குமாஸ்தாவின் முழங்காலுக்கு வரிசையில் நிற்காமல் எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்து, அவர் வாங்கிய இடம் அது: முதல் வரிசை, பதினாலாம் நம்பர். ஊர் அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால். கையை நீட்டினால் ஆட்டக்காரனின் முதுகு. பதினைந்தாம் நம்பரில் அவருடைய சிநேகிதர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அரையிறுதி ஐந்து ஆட்டங்கள். நாலாவது ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது. ஊர் அணி ஏழு புள்ளி முன்னால். நாரை அன்றைக்கு ஆட வேண்டியதை ஆடி முடித்துவிட்டுத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்போது எதிரணியின் தடியன் ஒருவன், பந்தோடு ஓடிய நம் அணியின் குட்டி ஆட்டக்காரனை முழங்கையால் இடித்து, ஸ்கோர் எழுதுகிற மேசைமேல் தள்ளினான். குட்டியின் மூக்கில் ரத்தம். பத்துப் பேர் மோதிக்கொண்டார்கள். மைதானமே எழுந்து நின்று கத்தியது.

விதி எல்லோருக்கும் தெரியும். சண்டை நடக்கும்போது பெஞ்சில் இருப்பவன் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் அடுத்த ஆட்டம் கிடையாது. ஏன் தாண்டினாய், எதற்குத் தாண்டினாய் என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: வேறு யாராவது தள்ளியிருந்தால் குற்றமில்லை. நாரைக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் எழுந்தவன் கோட்டுக்கு இந்தப் பக்கமே, கால்விரல் கோட்டைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

எக்ஸ்ரேக்காரருக்குத்தான் ரத்தம் கொதித்தது. "போடா! போய் ரெண்டு போடு போடு!" என்று கத்தினார். கத்தியது போதாதென்று, அவருடைய இடது உள்ளங்கை தானாகப் போய் அந்த முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. தினம் முப்பது முதுகை எக்ஸ்ரேத் தட்டோடு சேர்த்து அழுத்துகிற கை அது. முதலில் உள்ளங்கையின் அடிப்பகுதி, பிறகு விரல்கள், பிறகு ஒரு தள்ளு. அதற்கு வேறு விதமாகத் தள்ளத் தெரியாது. வியர்வையில் நனைந்த துணியும், அதில் ஒட்டியிருந்த பதினொன்றின் இரண்டு ரப்பர்க் கோடுகளும் அவர் கையில் பட்டன. நாரை இரண்டு அடி முன்னால் போனான். இரண்டே அடி. உடனே துள்ளிப் பின்னால் வந்துவிட்டான்.

கேமராக்கள் எல்லாம் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் கோட்டைத் தாண்டிய அந்த நீளக் கால்கள் விழுந்திருந்தன. இடுப்புக்கு மேலே படத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கடைக்காரரோ ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், அன்றைக்குச் சண்டையைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

மறுநாள் தீர்ப்பு வந்தது. மூக்கை உடைத்த தடியனுக்கு அபராதம், அவன் ஆடலாம். நாரைக்கு ஐந்தாவது ஆட்டம் கிடையாது. "என்னை யாரோ பின்னாலிருந்து தள்ளினாங்க" என்று நாரை மேல்முறையீடு செய்தான். லீக் காரியாலயத்திலிருந்து முதல் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் வந்தது. எக்ஸ்ரேக்காரருக்கும் வந்தது.

"உங்க பக்கத்துல யாராவது ஆட்டக்காரரைத் தொட்டதைப் பார்த்தீங்களா சார்?"

டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஆட்டக்காரரைத் தொடும் பார்வையாளர் தன் இடத்தை ஆயுளுக்கும் இழப்பார். அந்த வரி அவர் கண்முன் வந்து நின்றது. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய இடம்.

"இல்லைங்க. நான் எதையும் பார்க்கலை."

பேசியது அவ்வளவுதான். ஃபோனை வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து மேலே பெரிதாக 'அநீதி' என்று எழுதினார். நாரைக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து ஒரு மனு. ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கடை, பஸ் நிறுத்தம் என்று ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். விதியைத் திட்டினார், லீக் தலைவரைத் திட்டினார், ரெஃப்ரியின் பரம்பரையையே இழுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாளில், தேவைப்பட்ட ஒரு வரி மட்டும் இல்லை.

ஐந்தாவது ஆட்டத்தை ஊர் அணி மூன்று புள்ளியில் தோற்றது. அந்தத் தடியன்தான் கடைசிப் பந்தைப் போட்டான். தோற்றதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். "கோட்டைத் தாண்டினதும் இல்லாம, யாரோ தள்ளினான்னு பொய் வேற சொல்றான் பாரு" என்று பேச்சு கிளம்பியது. பொய்யன் என்ற பட்டம் நாரையை விடவில்லை. அடுத்த வருஷம் அணியில் அவன் இல்லை. எங்கேயோ சின்ன அணிக்கு ஆடினான் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரேக்காரரை அந்த முதுகு விட்டபாடில்லை. வருகிற நோயாளி எல்லோரும் முதுகைக் காட்டித்தானே நிற்கிறார்கள்! கையை வைத்தால், அவர்கள் போட்டிருப்பது ஆஸ்பத்திரி அங்கியாக இருந்தாலும், உள்ளங்கையில் இரண்டு ரப்பர்க் கோடு தட்டுப்படும். கொஞ்ச நாள் யாரையும் தொடாமல் "நீங்களே முன்னாடி சாய்ங்க" என்று சொல்லிப் பார்த்தார். படமெல்லாம் பாழாயிற்று. தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் வந்து விழுந்தது. "என்னய்யா, பதினைஞ்சு வருஷ சர்வீஸ்ல புதுசா வந்தவன் மாதிரி எடுக்கிறே?" என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். மறுபடியும் கையை வைக்க ஆரம்பித்தார்.

மைதானத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. எதற்காகப் பொய் சொன்னாரோ அந்த இடத்தில் உட்காராமல் எப்படி இருப்பது? ஆனால் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கை தட்ட மாட்டார். "திருடினதை ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி உட்கார்றியே" என்று கண்ணாடிக் கடைக்காரர் கேலி செய்வார். எக்ஸ்ரேக்காரர் சிரிப்பார், அடுத்த நிமிஷம் ஏதாவது சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பிப்பார். யாருக்கு அநியாயமாகத் தடை போட்டாலும் இவருக்குத்தான் முதலில் வயிறு எரியும். ஊரிலேயே இவரைப் போல நியாயஸ்தன் கிடையாது என்று பெயர். "எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருக்கா, அவ பேரு லீக்" என்பாள் மனைவி. அவளிடமும் அவர் சொன்னதில்லை.

இந்த வருஷ பிளே ஆஃபில், ரெஃப்ரி பக்கம் பந்தை உருட்டிய குற்றத்துக்காக ஒருவனுக்கு இரண்டு ஆட்டம் தடை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அதைப் பற்றி ஒரு வயசான பெரியவரிடம் சீறி முடித்துவிட்டு, அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார். 'மார்பு எக்ஸ்ரே. குளிர்பதனக் கிடங்கு வேலைக்கான உடல் தகுதிச் சான்று.' மேலே பெயர். வயது முப்பத்தைந்து.

பெயரைப் படித்ததும் விரல் விட்டு வயதைக் கணக்குப் பார்த்தார், சரியாக இருந்தது. அதற்குள் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். குனிந்த நடை. நரைத்த தாடி. இடது காலில் லேசான நொண்டல்.

"சட்டையைக் கழட்டணுமா சார்?" என்று கேட்டார் நாரை.

"ஆமா. அங்க அங்கி இருக்கு."

நாரை அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எக்ஸ்ரேத் தட்டை எக்ஸ்ரேக்காரர் மேலே ஏற்றினார். எத்தனையோ வருஷமாக யாருக்கும் தேவைப்படாத கடைசிப் படிவரை ஏற்ற வேண்டியிருந்தது. அது கிறீச்சென்று சத்தம் போட்டது.

"மாரைத் தட்டோட சேர்த்து வைங்க. கையை இடுப்புல வைங்க. நீங்களே நல்லா முன்னாடி சாய்ங்க." தொடவில்லை. ஓட்டமும் நடையுமாகத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். திரையில் படம் வந்தது. எலும்பு நுரையீரலை மறைத்துக்கொண்டு கிடந்தது. இந்தப் படத்தைக் கொடுத்தால், நிழல் இருக்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுவார், வேலை இழுத்தடிக்கும். இவனுக்கு இன்னொரு தடவை நம்மால் ஒரு வேலை போக வேண்டுமா?

"சரியா விழலை. இன்னொண்ணு எடுக்கணும்" என்றார்.

போய் நாரையின் பின்னால் நின்றார். இடது கை எழுந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதி, விரல்கள், ஒரு தள்ளு.

அந்த முதுகு கல்லாக இறுகியது. பொத்தானை நோக்கி அவர் ஓரடி எடுத்து வைப்பதற்குள் நாரை தட்டை விட்டுத் திரும்பிவிட்டார்.

"சார், நீங்க எல்லாருக்கும் இப்படித்தான் கை வைப்பீங்களா?"

"ஆமா. ஏன், வலிச்சுதா?"

"வலிக்கலை." நாரை கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. நான் முன்ன பேஸ்கட்பால் ஆடினேன். ஒரு நாள் என் முதுகுல யாரோ இதே மாதிரி கை வச்ச மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு கையே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. விசாரிச்சாங்க, முன் வரிசையில ஒருத்தர்கூடப் பார்க்கலைன்னாங்க. அத்தனை பேருமா பொய் சொல்வாங்க? ரெண்டு வருஷம் சண்டை போட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நானாத்தான் போயிருப்பேன் போல. கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரிகிட்ட, 'ஆமா, நான் அன்னைக்குப் பொய்தான் சொன்னேன்'னு ஒத்துக்கிட்டேன். இப்ப நீங்க கை வச்சதும் உடம்பு தூக்கிப் போட்டுடுச்சு. விடுங்க, படத்தை எடுங்க."

திரும்பவும் தட்டில் மாரை வைத்துக்கொண்டார். எக்ஸ்ரேக்காரர் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அவன் சம்மதித்துவிட்ட பொய், இவருக்கு இன்னும் சௌகரியம். அந்தச் சௌகரியத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, நீ பொய் சொல்லலை. அந்தக் கை இதுதான்."

நாரை திரும்பவில்லை. தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்த சீட்டு?"

"முதல் வரிசை, பதினாலு."

"உங்களுக்கு ஃபோன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"என்ன சொன்னீங்க?"

"எதையும் பார்க்கலைன்னு சொன்னேன். சீட்டு போயிடும்னு பயம்."

"சீட்டு" என்றார் நாரை. அந்த வார்த்தையை அவர் இதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை போல மெதுவாகச் சொன்னார். பிறகு, "வெளியில என் வீட்டுக்காரி இருக்கா. அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

நடைபாதையில் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். மடியில் ஃபைலோடு ஒரு பெண் எழுந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார். ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண் கத்தவில்லை. கணவனை ஒரு முறை பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாள்.

"இந்த மனுஷன் எதையும் நிச்சயமா சொல்ல மாட்டாரு சார். கேஸை அணைச்சீங்களான்னு கேட்டா, 'அணைச்சேன்னு நினைக்கிறேன்'பாரு. பூட்டின கதவை நாலு தடவை போய் இழுத்துப் பார்ப்பாரு. பிறவிக் குணம்னு நினைச்சேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எழுதிக் கொடுங்க."

அவர் மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். பழக்க தோஷம், கை மேலே 'அநீதி' என்று எழுதியது.

"அதெல்லாம் வேணாம். நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றாள்.

வேறு தாளில் எழுதினார். 'அன்று அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது நான். கேட்டபோது மறைத்தேன்.' தேதி, இடத்தின் எண், கையெழுத்து. பதினோரு வருஷமாக எழுதாததை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாரை அதை இரண்டு முறை படித்தார். மனைவியிடம் கொடுத்தார். பிறகு திரும்ப வாங்கி மறுபடி படித்தார்.

"படம் இன்னும் எடுக்கலையே" என்றார் கடைசியில். "கை வைக்க வேற யாரையாவது கூப்பிடுங்க."

நர்ஸ் வந்து எட்டிக் கையை வைத்து முதுகை அழுத்திவிட்டு விலகினாள். எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. அது இல்லாமலே நாரை அசையாமல் நின்றார். படம் சுத்தமாக விழுந்தது.

மன்னிப்பா, வசவா, ஒன்றும் சொல்லாமல் கணவனும் மனைவியும் போனார்கள். ஒரு அறையாவது விட்டிருக்கலாம் என்று எக்ஸ்ரேக்காரருக்கு இருந்தது.

மத்தியானம் லீக் காரியாலயத்துக்கு ஃபோன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள். முழுக் கதையையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள், யாரிடமோ போய் விசாரித்தாள், திரும்பி வந்தாள்.

"அவ்வளவு பழைய ஃபைல் எதுவும் இல்லை சார். அந்த ஆட்டக்காரரும் இப்ப லீக்ல இல்லை. உங்க சீட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது. சனிக்கிழமை தைரியமா வாங்க."

"என் சீட்டை எடுத்துடுங்கம்மா. டிக்கெட் பின்னாடி போட்டிருக்கே."

"அதுக்கு அந்த சீசனுக்குள்ள புகார் வந்திருக்கணும் சார்."

இரண்டு அடிக்கு ஒரே நாளில் தீர்ப்பு எழுதியவர்களிடம் இவருக்கு எழுத விதி இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வீட்டில் டிவி அணைந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கைகள் இரண்டும் மடிமேல், எல்லோரும் பார்க்கிற மாதிரி. எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்த மனைவி எதிரில் இருந்தாள். ஃபோன் அடித்தது. மைதானத்து இரைச்சலுக்கு நடுவே கண்ணாடிக் கடைக்காரர் கத்தினார்.

"எங்கய்யா இருக்கே? இங்க உன் சீட்டு காலியா கிடக்கு!"

"நான் வரலை. எனக்கு சஸ்பென்ஷன்."

"என்னய்யா உளர்றே? யாரு போட்டது?"

"யாரும் போடலை."

அந்தப் பக்கம் கூட்டம் எதற்கோ ஆர்ப்பரித்தது. கண்ணாடிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சரி, எத்தனை மேட்சுக்கு?" என்று கேட்டார்.

எக்ஸ்ரேக்காரர் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன் பதினோரு வருஷம் உட்கார்ந்தான்யா" என்றார். "நான் இன்னைக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."